நான்காவது வரி

ஒரு மருந்துச் சீட்டில் நான் பொய் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரே ஒரு வரி. எழுதிய பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் கையில் அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள், யாராவது கேட்டால் காட்டு என்றேன். அவளும் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது காட்டினாள். அவள் பிழைப்பு அத்தோடு போயிற்று.

என் பிழைப்பு போகவில்லை. முழு ஓய்வூதியத்தோடு, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல வாய் வருகிறது. தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்... மனைவியிடம் ஒருமுறை ஆரம்பித்து, பாதியில் பேச்சை மாற்றிக் காபி கேட்டுவிட்டேன். அவளும் போட்டுக் கொடுத்துவிட்டாள். அன்றோடு சரி.

நான் கால்நடை மருத்துவன். புதுச்சேரி நகரத்தில் ஓர் அரசு மருந்தகத்தில் பல ஆண்டுகள் இருந்தேன். அலுவலக முத்திரைகளில் ‘பாண்டிச்சேரி’ என்றிருந்ததையெல்லாம் ‘புதுச்சேரி’ என்று மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. புது முத்திரை வந்த பிறகும் என் கை பழைய முத்திரையைத்தான் தேடி எடுக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கறவை மாட்டுக்குப் பென்சிலின் போன்ற மருந்தைக் கொடுத்தால் அது பாலிலும் இறங்கும். ஆகவே, கடைசி ஊசிக்குப் பின் இத்தனை நாள்வரை பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது என்று மருத்துவன் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. சீட்டில் எழுதவும் வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே அது அச்சாகியிருக்கும். கல்லூரித் தேர்வில் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன்!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒழுங்காகத்தான் எழுதினேன். எழுதியதோடு விடாமல் வாயாலும் சொல்வேன். என்ன ஆயிற்று தெரியுமா? பத்து மாடு வைத்திருந்த ஒருவரிடம், நாலு நாளைக்குப் பாலைக் கீழே கொட்டிவிடுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் தேநீர்க் கடைகளில் எனக்கு ஒரு பெயர் வைத்தாயிற்று. ‘பால்கொட்டி டாக்டர்.’

சிரிக்கிறீர்களா? சிரிக்கலாம். என் மனைவியே சிரித்தாள். ஆனால் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிப் பாருங்கள்! “பால்கொட்டி வர்றாரு, சொம்ப உள்ள எடுத்து வை” என்று எந்த வாசலிலிருந்தாவது ஒரு குரல் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாட்டுக்காரர்கள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, படிப்பும் பதிவும் இல்லாமல் பையில் ஊசி வைத்துக்கொண்டு சைக்கிளில் சுற்றிய ஒருவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் யாரையும் பாலைக் கொட்டச் சொன்னதில்லை. அவருக்கு ஊரில் கைராசிக்காரர் என்று பெயர்.

எனக்குப் பொறுக்கவில்லை... பொறாமைதான், வேறென்ன? அந்தக் கைராசிக்காரன் என்ற பெயர் எனக்கும் வேண்டியிருந்தது. முதலில் வாயால் சொல்வதை விட்டேன். சீட்டில் மட்டும் எழுதினேன். பிறகு, படிக்கத் தெரிந்தவர்களின் சீட்டில் எழுதுவதை விட்டேன். எழுதினால் அவர்கள் கேள்வி கேட்பார்கள் அல்லவா? கடைசியில் யாருக்குமே எழுதவில்லை. ஆறேழு ஆண்டுகள்! யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் அது தப்பு என்பதே எனக்கு மறந்துபோயிற்று. உங்களுக்கு அப்படி ஏதாவது மறந்துபோனதுண்டா?

அஞ்சலாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கருவடிக்குப்பத்தில் ஒற்றை மாடு வைத்திருந்தவள். நாற்பது வயதிருக்கும். கணவன் இறந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை. அவளுக்கு மாடு, மாட்டுக்கு அவள். செந்நிறக் கலப்பினப் பசு. ‘செவலை’ என்று கூப்பிடுவாள். காலையும் மாலையும் கறந்து, சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு நகரத்துக்குள் ஏழெட்டு வீடுகளுக்குப் போய்க் கொடுப்பாள். தண்ணீர் கலக்க மாட்டாள் என்பது அந்த வீடுகளுக்கெல்லாம் தெரிந்த செய்தி. பிறந்தநாள் வந்தால் பாயசத்துக்கு அஞ்சலாட்சி பால்தான் வேண்டும் என்பார்கள்.

அவற்றில் ஒன்று சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தப் பெரியவரின் மகள் மரி-தெரேஸ் பிரான்சில் குடும்பத்தோடு இருந்தார். அங்கே நர்ஸ் வேலை. ஒவ்வொரு ஜூலையிலும் விடுமுறைக்குத் தன் ஆறு வயது மகள் சோஃபியை அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருவார்.

பாருங்கள்... அஞ்சலாட்சியை ‘அவள்’ என்கிறேன். இவரை ‘இவர்’ என்கிறேன். எழுதும்போதே கை அப்படித்தான் போகிறது. திருத்தலாம் என்று நினைத்தேன். வேண்டாம், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த ஜூலையில் செவலைக்கு மடிநோய் வந்தது. பின்பக்கத்துக் காம்பு ஒன்று வீங்கிச் சிவந்து, தொட்டால் மாடு உதைத்தது. பால் திரிதிரியாக வந்தது. கழுத்தில் பென்சிலின் ஊசி போட்டேன். நோய்ப்பட்ட காம்புக்குள் மருந்து ஏற்றினேன். அடுத்த இரண்டு நாளுக்கு வேண்டியதைக் கடையில் வாங்கி வைக்கச் சொல்லிச் சீட்டு எழுதினேன். மூன்று மருந்து, மூன்று வரி. மூன்றாவது வரிக்கும் என் கையெழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இடம் விடுவது என் பழைய வழக்கம். முன்பு எதற்காக அந்த இடத்தை விட்டு வந்தேன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

அவள் சீட்டை வாங்கி, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாள்.

“மூணு மருந்தா சார்?”

“மூணுதான்.”

எழுத்துத் தெரியாத பலரும் அப்படிச் செய்வார்கள். கடைக்காரர் ஒன்றைக் குறைத்துக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அதனால் வரியை எண்ணிக்கொண்டு போய், மருந்தை எண்ணி வாங்குவார்கள். எனக்கு அது பார்த்துப் பார்த்துப் பழகிப்போன காட்சி.

பிறகு அவள் கேட்டாள்.

“சீக்கு காம்புப் பால கீழ பீச்சிடுறேன் சார். மத்த மூணு காம்புப் பால வூடுங்களுக்குக் குடுக்கலாமா?”

கேட்டாள்! அவளாகவே கேட்டாள்... இந்த ஒன்றைத்தான் என்னால் தாண்டிவர முடியவில்லை. கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், அவளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்கும் அவள் இடம் வைக்கவில்லை.

கூடாதம்மா, ஊசி மருந்து நாலு காம்பிலும் இறங்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு நேரம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அஞ்சலாட்சியின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதும், அன்று மாலைக்குள் அந்தத் தெருவில் எந்தப் பெயர் மறுபடி கிளம்பும் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னேன்:

“எல்லாம் சீட்டுல எழுதியிருக்கேம்மா. அது மாதிரி செய்.”

சீட்டில் அப்படி எதுவும் இல்லை. அவள் தலையாட்டினாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் கொடுக்கலாம் என்றுதானே பொருள்? நீங்களாக இருந்தாலும் அப்படித்தானே எடுத்துக்கொண்டிருப்பீர்கள்?

மறுநாளும் போய் ஊசி போட்டேன். கழுவிக் கவிழ்த்த பால்கேன் வாசலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஊசிப் பையோடு நான் கிளம்பும் நேரத்தில், மரி-தெரேஸ் மருந்தகத்துக்குள் வந்தார். தூங்காத கண்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தொக்தெர், என் பொண்ணுக்குப் பென்சிலின் ஆகாது. கைக்கொழந்தையா இருக்கும்போதே கண்டுபிடிச்சி கார்டுல எழுதி வச்சிருக்கோம். நேத்து பால் குடிச்ச கொஞ்ச நேரத்துல கண்ணு, உதடு எல்லாம் வீங்கிப்போச்சி. மூச்சு இழுக்க முடியல.”

“இப்ப எப்படி இருக்கு மதாம்?”

“பொழச்சிட்டா. ஒப்பித்தால்ல சேத்திருக்கோம், டாக்டருங்க பாத்துக்கறாங்க. பால் கொண்டாந்த அம்மாவக் கேட்டேன். மாட்டுக்கு ஊசி போட்டதுன்னு அவங்களே சொன்னாங்க.” அவர் குரல் ஒரே சீராக இருந்தது. “எங்க ஊர்ல இந்த மருந்து குடுத்தா, பால எத்தன நாள் விக்கக் கூடாதுன்னு ஒர்தொனான்ஸ்ல, மருந்துச் சீட்டுல எழுதணும். உங்க ஒர்தொனான்ஸ்ல நீங்க எழுதினீங்களா?”

நேரான கேள்வி. இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விளக்கம் கேட்டிருப்பார்கள். பதவி உயர்வு நின்றிருக்கும். சில மாதம் பணியிடை நீக்கம்கூட வந்திருக்கலாம். தூக்கிலா போட்டிருப்பார்கள்? இப்போது யோசித்தால் அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. அந்த நிமிடத்தில் அப்படித் தோன்றவில்லை.

“எழுதினேன் மதாம்.”

என் வாய்தான் சொன்னது. யோசிக்கவே இல்லை...

“அப்ப அந்தம்மா அத மதிக்காம குடுத்திருக்காங்க” என்றார். கையில் புகார்க் கடிதம் இருந்தது. துறை அலுவலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். கருவடிக்குப்பத்துக்குக் கால் மணி நேர வழி. எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. அஞ்சலாட்சி மாட்டின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

“சார், சொல்தா வூட்டுப் பாப்பாவுக்கு ஒடம்பு ஊதிப்போச்சாமே... எம் பாலாலயா சார்?”

“தெரியாம எதையும் பேசாத. அந்தச் சீட்ட எடு, பதிவேட்டுல ஏத்தணும்.”

உள்ளே போய், குடும்ப அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. டாக்டர் கேட்கிறார், கொடுக்கிறாள்.

தெரு முனையைத் தாண்டி ஒரு பூவரச மரம். அதன் கீழே ஸ்கூட்டரை நிறுத்தி, இருக்கையின் மேல் சீட்டை விரித்து வைத்தேன். சட்டைப் பையில் அதே பேனா இருந்தது. கடைசி ஊசிக்குப் பின் நான்கு நாள்வரை பாலை விற்கவோ அருந்தவோ கூடாது. உரிமையாளரிடம் நேரிலும் விளக்கப்பட்டது. இரண்டு விரல் இடத்தில் அந்த வரி கச்சிதமாக உட்கார்ந்தது. நேரிலும் விளக்கப்பட்டதாம்! அதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன் பாருங்கள், என்ன ஒரு கவனம்!

கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ளவாவது ஒன்று இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்ச் சீட்டைக் கொடுத்தேன். பத்திரமா வை, யாராவது கேட்டா காட்டு என்று சொன்னது அப்போதுதான். அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு மடித்து உறைக்குள் வைத்தாள். படிக்கத் தெரியாதவள் அதில் என்னத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். மாட்டுக்கு மூன்றாவது ஊசியையும் போட்டேன். போகும்போது, நாலு நாளைக்கு யாருக்கும் பால் கொடுக்க வேண்டாம் என்றேன். மூன்று நாளாக வராத சொல் அன்றைக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

மருந்தகம் திரும்பியதும் பதிவேட்டிலும் அந்த வரியைச் சேர்த்தேன்.

ஒரு வாரம் கழித்து விசாரணை. துறையிலிருந்து ஓர் அதிகாரி மருந்தகத்துக்கே வந்தார். ஒரு பக்கம் மரி-தெரேஸ். எதிரே நான். அஞ்சலாட்சி துவைத்து மடித்த சேலை கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

“டாக்டர் சீட்டுக் குடுத்தாரா?” என்று அதிகாரி கேட்டார்.

“குடுத்தாரு சார். பத்திரமா வச்சிருக்கேன்.”

நீட்டினாள். அதிகாரி வாங்கி, மருந்துப் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்து, நான்காவது வரியில் நின்றார். அதை உரக்கப் படித்தார். பிறகு தமிழில் சொன்னார்: “பால விக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கே! நேர்லயும் சொல்லியிருக்காரு. அப்பறம் எப்படிம்மா வித்த?”

அவள் என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. நான் மேசையில் கிடந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப் போகிறாள், சார்கிட்ட கேட்டேன், சீட்டுல இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றும் தயாராகிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது... அந்தப் பதிலையும் யோசித்து வைத்திருந்தேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாது சார்” என்றாள். “சார் எழுதித்தான் குடுத்திருக்காரு. என் தப்புதான்.”

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. மரி-தெரேஸ் அவளிடமிருந்து தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் பக்கம் வந்து கை கொடுத்தார்.

“மெர்சி தொக்தெர். நீங்களாவது எழுதியிருந்தீங்களே.”

அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன். குலுக்கினேன் ஐயா!

உரிமையாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை போயிற்று. சோஃபி நல்லபடியாகத் தேறி, விடுமுறை முடிந்து, அம்மாவோடு விமானம் ஏறிப் போனாள். அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், கோயிலுக்குப் போகிற வழக்கமில்லாத நான் ஒருநாள் போய் நின்றுவிட்டு வந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று புரியாமல் திரும்பிவிட்டேன்.

இன்னும் ஒன்று நடந்தது. கேளுங்கள். அடுத்த மாதம் துறையில் இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மருந்துச் சீட்டு எழுதும் முறை பற்றிப் பேச என்னையே கூப்பிட்டார்கள்! ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் மறைத்து, என் சீட்டைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். “இப்படி எழுதியிருந்ததால்தான் நம் துறை தப்பித்தது” என்றார் அதே அதிகாரி. கைதட்டினார்கள். அந்த நான்காவது வரியின் ஒவ்வோர் எழுத்தும் திரையில் ஒரு சாண் உயரம் இருந்தது. நான் அதற்கு முன்னால் நின்று நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றார்கள்.

அஞ்சலாட்சியின் வீடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. சொல்தா வீடு முதலில் நிறுத்தியது. அதைக் குறை சொல்ல முடியாது. செய்தி பரவியதும் மற்ற வீடுகளும் பாக்கெட் பாலுக்கு மாறிக்கொண்டன. டாக்டர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தும் விற்றவள் என்றார்கள். படிக்கத் தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்கக் கூடாதா என்றார்கள். கேட்டாளே! கேட்க வேண்டியவனிடம்தானே கேட்டாள்! தண்ணீர் கலக்காத அந்தப் பாலைச் சில மாதம் அவள் தேநீர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கெஞ்சிக் கொடுத்தாள் என்று கேள்விப்பட்டேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள் காலை மருந்தகத்துக்கு வந்தாள். செவலையைக் கயிற்றில் பிடித்து நடத்தியே கூட்டி வந்திருந்தாள், பின்னால் ஒரு கன்று. விழுப்புரம் பக்கத்து ஆள் ஒருவருக்கு மாட்டை விற்கப் போவதாகச் சொன்னாள். எங்கள் எல்லையைத் தாண்டி மாட்டை ஏற்றிப் போக, நோய் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சான்று வேண்டும். அதற்காக வந்திருந்தாள்.

அன்றைக்கு அந்த மாட்டைப் பார்த்ததுபோல் என் பணிக்காலத்தில் வேறெந்த மாட்டையும் நான் பார்த்ததில்லை. காய்ச்சல் பார்த்தேன், கண், வாய், குளம்பு எல்லாம் பார்த்தேன். நான்கு காம்பையும் தனித்தனியாகப் பீச்சிப் பார்த்தேன். பால் நன்றாக இருந்தது. கை கழுவிவிட்டுச் சான்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

“கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க சார்.”

படித்தேன். மாட்டின் அடையாளம் ஒரு வரி. பார்த்த நாள் ஒரு வரி. நோய் இல்லை என்று ஒரு வரி. கொண்டுபோகலாம் என்று ஒரு வரி. நான் படிக்கப் படிக்க, மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றபடி அவள் ஒவ்வொரு வரியின் மேலும் விரல் வைத்தாள்.

“நாலு வரியா சார்?”

“நாலும்மா.”

“வாங்கிட்டுப் போறவரு அவரு வூட்டுல போயி பாத்தாலும் நாலுதான் இருக்குமா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. மாட்டின் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

“அன்னிக்கி நீங்க எழுதிக் குடுக்கறப்ப மூணு இருந்துச்சி சார். திரும்பக் கொண்டாந்து குடுத்தப்ப நாலு இருந்துச்சி. எழுத்துதான் தெரியாது எனக்கு. எண்ணத் தெரியும்.”

“அப்ப ஏம்மா சொல்லல?” என்று கேட்டேன். அதையும் நானே கேட்டேன்!

“யாருகிட்ட சொல்றது? டாக்டரு எழுதினது பொய்யி, இவ எண்ணினது நெசம்னு யாரு நம்புவா?” கன்று அவள் சேலையைச் சப்பியது, விலக்கிவிட்டாள். “அப்ப செவல செனையா வேற இருந்துச்சி. ஈன முடியாம நின்னா உங்களத்தான சார் கூப்பிட்டாவணும்... அதான் சொல்லல. இனிமேதான் மாடே இல்லியே.”

சான்றை எடுத்து மடித்தாள். அதே பிளாஸ்டிக் உறையில் வைத்தாள். “வரேன் சார்” என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் என் பக்கம் ஏதாவது பேசியிருப்பேன்.

எழுந்து பின்னால் ஓடியிருக்க வேண்டும். அன்றே துறை அலுவலகத்துக்குப் போய், நான்காவது வரி பொய் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். ஓர் ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு. சீட்டு எழுதினேன்.

அதன் பிறகு விதி தவறியதில்லை. பாலைக் கொட்டச் சொல்லி, எழுதி, படித்துக் காட்டி, வரிகளுக்கு எண் போட்டு, கையெழுத்துக்கு மேலே இடமே விடாமல் சீட்டுக் கொடுத்தேன். பால்கொட்டி என்ற பெயர் திரும்ப வந்தது. வரட்டும் என்றிருந்தேன். இதைப் பரிகாரமாக எண்ணிக்கொள்ளலாமா என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்... எந்தக் கணக்கில்? அஞ்சலாட்சிக்கு இதனால் ஒரு சொட்டுப் பால் திரும்பக் கிடைத்ததா?

அவள் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறாள் என்று சொன்னார்கள். ஒருமுறை கண்டேன். நீல மேல்சட்டை போட்ட பெண்களோடு பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்றே நினைக்கிறேன். ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தேன், நிறுத்தவில்லை.

இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒரு வரியும் மறைக்கவில்லை. கொஞ்சம் லேசாகிவிட்டதுபோல் இருந்தது, சற்று முன்புவரை. பேனாவை மூடி வைத்துவிட்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது...

இது வாயால் சொல்ல வேண்டிய செய்தி. சொல்ல வேண்டியவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். பேருந்து ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நான் மறுபடியும் எழுதித்தான் கொடுத்திருக்கிறேன், அதுவும் உங்களிடம். அவளுக்குப் படிக்கத் தெரியாதென்று தெரிந்தே.